பட்டாம்பூச்சியைப் பூவில் தொடங்கிப் படிப்பதா, புழுவில் தொடங்குவதா?

#1 செங்காந்தள்

வணக்கம் நண்பர்களே. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் பட்டாம்பூச்சியைப் பற்றி விரிவாகச் சொல்லித்தர நேரம் கிடைத்திருக்கிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து ஒரே வகுப்பில் முடித்துவிடலாம். எனக்கு அது பிடிக்கவில்லை.

காரணம், ஒரு மாணவி கேட்ட கேள்வி. "தேனீ இல்லேன்னா காய்ப்பு குறையும், மண்புழு இல்லேன்னா மண்ணு கெட்டுப்போகும்னு படிச்சோம். பட்டாம்பூச்சி இல்லேன்னா என்ன கெடும் டீச்சர்?" மகரந்தச் சேர்க்கை என்றேன். "அதைத்தான் தேனீ செய்யுதே" என்று உடனே வந்தது பதில்.

அவளுக்கு ஒப்புக்குச் சொல்லும் பதிலாக இல்லாமல், உண்மையான பதிலாகத் தர விரும்புகிறேன். பட்டாம்பூச்சி எதற்கு முக்கியம்? அதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்ள வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

#2 ஓடைமரம்

அந்தப் பெண் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள் டீச்சர். மகரந்தச் சேர்க்கையில் பட்டாம்பூச்சியின் பங்கைத் தேவைக்கு மேல் ஊதிப் பெருக்குகிறோம்.

தேனீ மகரந்தத்தைத் தேடியே பூவுக்கு வருகிறது. அதுதான் அதன் குஞ்சுகளுக்கு உணவு. உடம்பெல்லாம் கிளைவிட்ட மயிர், பின்னங்காலில் மகரந்தத்தை அடைத்துக்கொள்ளக் கூடை. பட்டாம்பூச்சி வருவது தேனுக்காக. நீளமான கால்களை ஊன்றி நின்று, சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழலை எட்ட இருந்தே பூவுக்குள் விடுகிறது. உடம்பு பூவில் உரசுவதே குறைவு. நீண்ட குழல் போன்ற சில பூக்களுக்கு அது முக்கியமான விருந்தாளி, ஒரு பூவின் மகரந்தத்தைத் தொலைவுக்கும் கொண்டுபோகும், அதை மறுக்கவில்லை. ஆனால் "பட்டாம்பூச்சி அழிந்தால் உலகமே பட்டினி கிடக்கும்" என்று சுவரொட்டியில் எழுதுகிறார்களே, அது உண்மை இல்லை. நெல், கோதுமை, சோளம் எல்லாம் காற்றையும் தன் மகரந்தத்தையும் நம்பி விளைபவை.

என் பதில் இதுதான்: அது அழகாக இருக்கிறது, அதற்கு வாழ உரிமை இருக்கிறது. ஒரு உயிர் இருப்பதற்கு அந்தக் காரணம் போதாதா? பயனைச் சொல்லித்தான் பிள்ளைகளை மதிக்கவைக்க வேண்டுமா?

#3 இலைமறைகாய்

ஓடைமரம் அண்ணா, மகரந்தம் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் நீங்கள் இருவருமே பூச்சியின் வாழ்க்கையில் கடைசிச் சில வாரங்களை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். இறக்கை வந்த பிறகு பெரும்பாலான இனங்களுக்கு இரண்டு வேலைதான்: இணை தேடுவது, முட்டையிடுவது. உடம்பைக் கட்டுகிற வேலை முழுக்கப் புழுவாக இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. பட்டாம்பூச்சி உலகத்தோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர் பூவை விட்டுவிட்டு இலையைத் திருப்ப வேண்டும்.

எருக்கஞ்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு மாடு வாய் வைக்காத செடி. அதன் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி தேடிப்போய் அதில்தான் முட்டையிடும். கருப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட அதன் புழு அந்த இலையைத் தின்று நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைக்கிறது. பூச்சியான பின்னும் அது உள்ளே இருக்கும். அது மெதுவாக, யாருக்கும் பயப்படாததுபோலப் பறப்பதற்குக் காரணம் அதுவே. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அந்த ஆரஞ்சு நிறத்தை மறக்காது. (இதன் உறவினமான மோனார்க் பட்டாம்பூச்சியை வைத்து 1960களில் லிங்கன் பிரவர் சோதனை செய்தார். மோனார்க்கைத் தின்று வாந்தியெடுத்த நீல ஜே பறவை, அதற்குப் பிறகு அதைக் கண்டாலே ஒதுங்கியது.)

கதை அங்கேயும் நிற்கவில்லை. நஞ்சே இல்லாத வேறொரு இனத்தின் பெண் பூச்சி, அச்சு அசலாக வெந்தய வரியனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறது. அதன் ஆணைப் பார்த்தால் வேறு பூச்சி என்றே நினைப்பீர்கள்: கருப்பு இறக்கையில் வெள்ளை வட்டங்கள். அமேசான் காட்டில் பதினோரு ஆண்டுகள் அலைந்த ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862இல் இந்த மாதிரி வேடங்களுக்கு விளக்கம் எழுதினார். இயற்கைத் தேர்வு என்ற கருத்துக்கு அப்போது கிடைத்த மிகத் தெளிவான சான்றுகளில் அது ஒன்று. ஒரு எருக்கஞ்செடிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது டீச்சர்.

எந்தச் செடி என்று தாய்ப்பூச்சிக்கு எப்படித் தெரியும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அது இலைமேல் இறங்கி முன்கால்களால் படபடவென்று தட்டும். கால்களில் சுவை உணரும் உறுப்புகள் இருக்கின்றன. நாக்கு காலில் இருக்கிறது என்று சொன்னால் எந்தக் குழந்தையும் மறக்காது. சுவை சரியில்லை என்றால் முட்டையிடாமல் அடுத்த இலைக்குப் போய்விடும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். எனக்கு வழிகாட்டி மரியா சிபில்லா மெரியன். 1647இல் பிறந்த ஓவியர். புழு சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தானாக முளைக்கிறது என்று பலர் நம்பிய காலத்தில், பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். 1699இல், ஐம்பது வயதைத் தாண்டி, மகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சுரினாமுக்குப் போனார். 1705இல் வந்த அவருடைய நூலின் படங்களைப் பாருங்கள்: புழு, கூட்டுப்புழு, பூச்சி எல்லாம் அது தின்னும் செடியின் மேலேயே, ஒரே பக்கத்தில். அதற்கு முன் பலர் பூச்சியைத் தனியாக, ஊசி குத்தி வைத்ததுபோல வரைந்தார்கள். மெரியன் செடியோடு சேர்த்து வரைந்ததால்தான் அது வாழ்க்கையின் படமாக ஆனது. உங்கள் வகுப்பில் வட்டமும் அம்புக்குறியும் போடுவதற்குப் பதிலாக ஒரு செடியை வரையச் சொல்லுங்கள்.

#4 ஓடைமரம்

> பட்டாம்பூச்சி உலகத்தோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர் பூவை விட்டுவிட்டு இலையைத் திருப்ப வேண்டும்.

அருமையாகச் சொன்னாய் அக்கா, ரசித்துப் படித்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. பிணைந்திருக்கிறது, சரி. அறுந்தால் என்ன கெடும்?

புழுக்கள் பறவைகளுக்கு உணவு என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அது உண்மைதான். விதை தின்னும் சிட்டுகள்கூடக் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும். ஒரு சிறிய பறவை இணை தன் குஞ்சுகளை ஆளாக்க ஆயிரக்கணக்கில் புழு பிடிக்க வேண்டும். ஆனால் அந்தப் புழுக்களில் மிகப் பெரும்பங்கு அந்துப்பூச்சிகளுடையது. செதில் இறக்கைப் பூச்சிகளில் பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 1,60,000 இனங்கள். அதில் பட்டாம்பூச்சி 18,000 அல்லது அதற்குச் சற்று மேல். மற்றதெல்லாம் அந்துப்பூச்சி. பறவைக்காகக் கவலைப்படுவதென்றால் அந்துப்பூச்சியைப் பற்றித்தான் வகுப்பெடுக்க வேண்டும்.

#5 நடைவழி

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். பல ஆண்டுகளாகப் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பில் இருப்பவன்.

ஓடைமரம் ஐயா சொல்வது சரி. பூச்சி உலகத்தின் பெரும்பகுதி இரவில் பறக்கிறது, மண்ணுக்குள் இருக்கிறது, அல்லது பூதக்கண்ணாடி இல்லாமல் இனம் காண முடியாததாக இருக்கிறது. அவற்றுக்கு என்ன நடக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? பட்டாம்பூச்சி அங்கேதான் முக்கியமாகிறது. அது பகலில் பறக்கும். எந்த இனம் என்று ஆர்வமுள்ள பத்து வயதுப் பிள்ளை கற்றுக்கொண்டு சொல்லிவிட முடியும். தலைமுறை குறுகியது, அதனால் சூழல் மாறினால் சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை மாறிவிடும். ஒவ்வொரு இனமும் குறிப்பிட்ட சில செடிகளோடு கட்டுண்டு கிடக்கிறது. குளிர்க்குருதி உயிரானதால் வெப்பத்தின் சிறு மாற்றத்தையும் உடம்பால் உணர்கிறது. இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்த பூச்சிக் கூட்டம் வேறு கிடைப்பது அரிது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் பூச்சிகளுக்கு என்ன ஆகிறது என்பதை நாம் பட்டாம்பூச்சியை வைத்துத்தான் படிக்கிறோம்.

பிரிட்டனில் 1976இல் ஒரு முறையான கணக்கெடுப்பு தொடங்கியது. முறை மிக எளிமையானது. ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை, வெயில் இருக்கும் நேரத்தில், அதே பாதையில், ஒரே சீரான வேகத்தில் நடக்க வேண்டும். இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அந்தப் பெட்டிக்குள் வரும் பட்டாம்பூச்சிகளை மட்டும் எண்ண வேண்டும். அவ்வளவுதான். ஓய்வுபெற்றவர்களும் மாணவர்களும் தபால்காரர்களும் நடந்து சேர்த்த எண்கள் இன்று உலகத்தின் மிக நீண்ட பூச்சித் தரவுகளில் ஒன்று.

இப்படிச் சேர்ந்த பதிவுகளால் என்ன தெரிந்தது? 1999இல் கமில் பார்மசானும் உடன் ஆய்வாளர்களும் ஐரோப்பாவில் வலசை போகாத 35 இனங்களின் பழைய, புதிய எல்லைகளை ஒப்பிட்டார்கள். ஒரு நூற்றாண்டில் அவற்றில் 63 விழுக்காடு இனங்கள் 35 முதல் 240 கிலோமீட்டர் வரை வடக்கே நகர்ந்திருந்தன. தெற்கே நகர்ந்தவை 3 விழுக்காடு. பூமி சூடாகிறது என்று வெப்பமானி சொன்னதை உயிர்கள் உறுதிப்படுத்திய முதல் பெரிய சான்றுகளில் அது ஒன்று. 2025இல் அமெரிக்காவிலிருந்து ஒரு தொகுப்பு வந்தது. 76,000க்கும் மேற்பட்ட கணக்கெடுப்புகள், 554 இனங்கள். 2000க்கும் 2020க்கும் இடையே பட்டாம்பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை 22 விழுக்காடு குறைந்திருக்கிறது. ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருபது ஆண்டில் போய்விட்டது. அதே நிலத்தில் வாழும் வண்டும் ஈயும் குளவியும் என்ன ஆயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை யாரும் அப்படி எண்ணி வைக்கவில்லை.

அந்த மாணவியிடம் இதைச் சொல்லுங்கள் டீச்சர். பட்டாம்பூச்சி போனால் என்ன கெடும் என்பதைவிட, என்னென்ன ஏற்கெனவே கெட்டுவிட்டதோ அதுதான் பட்டாம்பூச்சி போவதில் தெரியும்.

#6 வெயிலோன்

நான் படிச்சவன் இல்லீங்க, தோட்டம் போடுறவன். ஒரு சந்தேகம். பட்டாம்பூச்சி வரணும்னு ஆசைப்பட்டு விதவிதமா பூச்செடி வெச்சேன். வருது, தேன் குடிக்குது, போயிடுது. தங்க மாட்டேங்குது. ஆனா வேலியோரம் நான் வெட்டாம விட்ட எருக்குலயும் ஆமணக்குலயும் புழுவா கெடக்கு. காசு போட்டு வெச்ச செடியில ஒண்ணுமில்ல. இலைமறைகாய் அக்கா எழுதுனத படிச்சதும் லேசா புரியுது. எந்தெந்த செடி வெச்சா குடும்பம் நடத்தும்னு கொஞ்சம் சொல்லுங்க.

#7 இலைமறைகாய்

வெயிலோன் அண்ணா, நீங்கள் கேட்டதுதான் இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

தேன் தரும் செடி வேறு, புழு தின்னும் உணவுச்செடி வேறு. தேனுக்குப் பட்டாம்பூச்சி அவ்வளவாகப் பாகுபாடு பார்க்காது. குழலுக்கு எட்டும் பூவாக இருந்தால் போதும். புழுவுக்கு அப்படி இல்லை. சரியான இலை கிடைக்காவிட்டால் சுற்றிலும் பச்சையாக இருந்தும் பட்டினியில் செத்துப்போகும். உண்ணிச்செடிப் பூவில் எத்தனையோ பட்டாம்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஆனால் அதன் இலையை நம்பி வளரும் பட்டாம்பூச்சிப் புழுவை நான் பார்த்ததில்லை. அது பரவிப் பரவி உள்ளூர்ச் செடிகளை மூடிவிட்டால் தேன் நிறைய இருக்கும், அடுத்த தலைமுறை இருக்காது.

எலுமிச்சையும் கறிவேப்பிலையும் இருந்தால் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் தேடி வரும். அவற்றின் இளம்புழுவைப் பறவை எச்சம் என்றே நினைத்துத் தாண்டிப் போவீர்கள். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் ஒரு உறுப்பை நீட்டி நாற்றமடிக்கும், எறும்பும் குளவியும் விலகிவிடும். சரக்கொன்றையில் வெளிர்மஞ்சள் இறக்கைக்காரர்கள் முட்டையிடுவார்கள். நெட்டிலிங்கத்தில் பச்சைப் புள்ளி போட்ட, வால் உள்ள, ஒரு நொடி நிற்காத பூச்சி வரும். ஆடுதீண்டாப்பாளைக் கொடி இருந்தால் சிவப்பு உடல் கொண்ட அழகிகள் வரும். அந்தக் கொடியும் நஞ்சுதான், அவையும் நஞ்சைச் சேமிப்பவைதான்.

கறிவேப்பிலை அழகியைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் பெண்களில் ஒரு வகை, ஆடுதீண்டாப்பாளை தின்று வளரும் நஞ்சுள்ள அழகியைப் போலவே வேடமிடும். இன்னொரு வகைப் பெண் ஆணைப் போலவே இருக்கும். ஒரே தாய்க்கு இரண்டு விதமும் பிறக்கலாம். இந்த வேடத்தை மாற்றும் பொத்தான் ஒரே ஒரு மரபணு என்று 2014இல் கண்டார்கள், ஆண் பெண் வேறுபாட்டை உடம்பில் உருவாக்கும் அதே மரபணு. கறிவேப்பிலைச் செடியைப் பார்த்து உட்கார்ந்தால் மரபியல் பாடமே நடத்திவிடலாம்.

கிலுகிலுப்பைச் செடியை வாடவிட்டுப் பாருங்கள். வரியன் கூட்டத்து ஆண்கள் காய்ந்த தண்டில் வந்து மொய்க்கும். அங்கே தேன் கிடையாது. அந்தச் செடியில் உள்ள ஒரு வேதிப்பொருளை உறிஞ்சி, அதிலிருந்து பெண்ணைக் கவரும் மணத்தைத் தயாரிக்கின்றன. ஈரமண்ணில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுவதும் பெரும்பாலும் ஆண்கள்தான். இலையில் சோடியம் மிகக் குறைவு. மண்ணிலிருந்து உப்பைச் சேர்த்து, இணை சேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. அது முட்டைக்குப் போகிறது. அதனால் தோட்டத்தில் ஒரு மூலையை எப்போதும் சகதியாக வையுங்கள் அண்ணா.

மருந்து அடிக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "இயற்கை மருந்து" என்று விற்கும் பாக்டீரியா மருந்தும் பட்டாம்பூச்சிப் புழுவையும் கொல்லும், அதற்கு நல்ல புழு கெட்ட புழு தெரியாது.

உணவுச்செடி திரும்பி வந்தால் பூச்சியும் திரும்பி வரும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி ஃபுளோரிடாவின் அடாலா பட்டாம்பூச்சி. அதன் புழு தின்பது கூன்டி என்ற, பார்க்கச் சிறிய பனைபோல இருக்கும் ஒரு செடியை. அந்தக் கிழங்கிலிருந்து மாவு எடுப்பதற்காகச் செடியைத் தோண்டித் தோண்டி அழித்தார்கள், பட்டாம்பூச்சியும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இல்லாமலே போய்விட்டது என்று நினைத்தார்கள். பிறகு அந்தச் செடியை அழகுக்காக வீட்டு முகப்புகளில் நடத் தொடங்கினார்கள். எங்கோ எஞ்சியிருந்த அடாலா தோட்டம் தோட்டமாகப் பரவி மீண்டும் வந்தது. அதைக் காப்பாற்ற நினைத்துக்கூட அவர்கள் நடவில்லை!

#8 கூடுதேடி

என் மகனுக்குப் பட்டாம்பூச்சி என்றால் உயிர். நிறையப் புழுக்களை வாங்கி வலைக்கூட்டில் வளர்த்து, பிறந்தநாள் அன்று நூறு இருநூறாகப் பறக்கவிடலாம் என்று நினைக்கிறோம். எண்ணிக்கை குறைகிறது என்று நடைவழி எழுதியிருக்கிறாரே, நம்மால் ஆன உதவியாகவும் இருக்கும். இதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

#9 நடைவழி

உங்கள் மகனின் ஆசை மிக நல்ல ஆசை. ஆனால் மொத்தமாக வளர்த்து விடுவதை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நெருக்கி வளர்த்தால் நோய் பரவும். மோனார்க்கைத் தாக்கும் ஒரு நுண்ணுயிர் ஒட்டுண்ணி இருக்கிறது. அதன் விதைத்துகள்கள் தாயின் செதில்களிலிருந்து முட்டைமேலும் இலைமேலும் உதிரும், புழு அதையும் சேர்த்துத் தின்னும். கூண்டில் இது வேகமாகப் பரவி, இறக்கை விரியாத பூச்சிகள் பிறக்கும். விடுவித்தால் காட்டில் உள்ளவற்றுக்கும் போகும். இன்னொன்று, வணிகத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட மோனார்க்குகளுக்குத் தெற்குத் திசை பார்த்துப் பறக்கும் உணர்வே இல்லாமல் போயிருந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உணர, மோனார்க்கின் பயணத்தை மகனுக்குச் சொல்லுங்கள். கோடையில் பிறப்பவை சில வாரங்களே வாழும். கோடையின் முடிவில் பிறக்கும் ஒரு தலைமுறை மட்டும் எட்டு மாதம்வரை வாழும். அவை கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் புறப்பட்டு மெக்சிகோவில் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயர மலைகளில் உள்ள ஓயமெல் என்ற ஊசியிலை மரங்களுக்குப் போய்ச் சேரும். அந்த மரங்களை அவற்றின் பெற்றோரும் பார்த்ததில்லை, பாட்டன் பாட்டியும் பார்த்ததில்லை. அவை அங்கே குளிர்காலத்தைக் கழிப்பது அந்த மலை மக்களுக்கு எப்போதுமே தெரியும். அறிவியல் உலகம் 1975 சனவரியில்தான் அந்த இடத்தை அடைந்தது.

வளர்த்துப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் சுற்றுப்புறச் செடியிலேயே கிடைத்த ஒன்றிரண்டு புழுவை அதே செடியின் புதிய இலை கொடுத்து வளர்த்து, பூச்சியானதும் எடுத்த இடத்திலேயே விடுங்கள். அதைவிடப் பெரிய பாடம் அவனுக்கு வேறு கிடைக்காது. எண்ணிக்கை கூட வேண்டுமானால் செடி நடுங்கள்.

#10 கூடுதேடி

மிக்க நன்றி. பறக்கவிடும் திட்டத்தை விட்டுவிட்டோம், மகனே செடி நடலாம் என்று சொல்லிவிட்டான். அவன் கேட்கச் சொன்ன கேள்வி: கூட்டுக்குள்ளே புழு முழுக்கக் கரைந்து கூழாகிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தானாம். அப்படியானால் அது செத்து வேறொன்று பிறக்கிறதா, அல்லது அதேதானா?

#11 இலைமறைகாய்

தம்பிக்கு என் வாழ்த்து, இது பெரியவர்களே தடுமாறும் கேள்வி.

முழுக்கக் கூழாவதில்லை. புழுவின் தசைகளில் பெரும்பகுதி கரைகிறது, அது உண்மை. ஆனால் இறக்கை, கால், கண் இவற்றுக்கான சிறு சிறு செல் கொத்துகள் புழுவின் உடம்பிலேயே முன்கூட்டி இருக்கின்றன. கரைந்ததை உணவாகக் கொண்டு அவை வளர்கின்றன. 2013இல் ஒரு கூட்டுப்புழுவை அறுக்காமல், நுண் ஊடுகதிர்ப் படமாக நாள்தோறும் எடுத்துப் பார்த்தார்கள். மூச்சுக்குழாய்கள் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக இருந்தன.

அதேதானா என்பதற்கு 2008இல் ஒரு சோதனை. பட்டாம்பூச்சியில் அல்ல, புகையிலையைத் தின்னும் ஒரு அந்துப்பூச்சியில் செய்தது. புழுவாக இருக்கும்போது ஒரு வாசனையைக் காட்டி லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். கடைசிப் பருவத்தில் பழக்கிய புழுக்கள் இறக்கை முளைத்து வந்த பின்னும் அந்த வாசனையை விட்டு விலகின. அதைவிட இளம் பருவத்தில் பழக்கியவற்றுக்கு அது நினைவில் இல்லை. ஆகவே தம்பி, அதேதான். கொஞ்சம் நினைவோடுதான் வெளியே வருகிறது.

#12 ஓடைமரம்

அழகு போதும் என்று தொடக்கத்தில் எழுதினேன். வாழும் உரிமைக்கு அது போதும் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் காப்பாற்றுவதற்கு அழகை ரசிப்பது போதாது. அதற்கு பிரிட்டனின் பெரிய நீலன் பட்டாம்பூச்சியின் கதையை இங்கே யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். டீச்சர், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும்.

அந்தப் பட்டாம்பூச்சி அங்கே குறைந்துகொண்டே வந்தது. சேகரிப்பாளர்கள் பிடித்துப்போவதால்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அது வாழ்ந்த புல்வெளியைச் சுற்றி வேலிகூடப் போட்டார்கள். வேலிக்குள் அது இன்னும் வேகமாக மறைந்தது. 1979இல் பிரிட்டனில் அற்றுப்போனது.

ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் கடைசிக் கூட்டங்களோடு தங்கிக் கவனித்துக் காரணத்தைக் கண்டார். புழு முதல் சில வாரம் காட்டுத் தைம் என்ற சிறு செடியின் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழும். ஒரு சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நினைத்துக் கூட்டுக்குத் தூக்கிப்போகும். அங்கே அது ஏறத்தாழ பத்து மாதம் எறும்பின் குஞ்சுகளையே தின்று வளரும். அந்தச் சிவப்பு எறும்பு வகையில் எந்த இனமும் தூக்கிப்போகலாம், ஆனால் ஒரே ஒரு குறிப்பிட்ட இனத்தின் கூட்டில்தான் புழு நன்றாகப் பிழைக்கும். அந்த எறும்புக்கு மண் சூடாக இருக்க வேண்டும். மண் சூடாக வேண்டுமானால் புல் குட்டையாக இருக்க வேண்டும். புல் குட்டையாக மேய்ச்சல் வேண்டும். வேலி போட்டதில் கால்நடை நின்றது. 1950களில் ஒரு நோய் வந்து முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. புல் ஓரிரு அங்குலம் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, அந்த எறும்பு போய் வேறு எறும்பு வந்தது, பட்டாம்பூச்சி முடிந்தது. தைம் செடி அங்கேயேதான் இருந்தது!

காரணம் தெரிந்த பிறகு மேய்ச்சலைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 1980களில் சுவீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று மீண்டும் பறக்கிறது. அந்த நிலத்தில் அதோடு சேர்ந்து வேறு அரிய செடிகளும் பூச்சிகளும் பெருகின.

மறுபக்கம், சான் பிரான்சிஸ்கோவின் மணல்மேடுகளில் மட்டும் வாழ்ந்த செர்செஸ் நீலனுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. மேடுகள் நகரமாகின. 1940களின் தொடக்கத்தில் கடைசியாகப் பார்த்தார்கள். அதன் வாழ்க்கையை முழுதாகப் படிப்பதற்குள் அது போய்விட்டது. எனக்கு அதை நினைத்தால் இன்னும் தாங்கவில்லை.

#13 செங்காந்தள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இத்தனை நாள் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று இங்கே கிடைத்தது.

திட்டத்தை இப்படி மாற்றிவிட்டேன். முதல் வகுப்பில் பட்டாம்பூச்சி என்ற பேச்சே இல்லை. பள்ளி வளாகத்தில் உள்ள செடிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பார்கள். பிறகு குழுவுக்கு ஒரு செடி, இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, கண்டதை மெரியன் போலச் செடியோடு சேர்த்து வரைவார்கள். முட்டை கிடைத்தால் அதே இலையில் தொடர்ந்து கவனிப்பார்கள். அதற்குப் பிறகுதான் இறக்கை, நிறம், வேடம், வலசை. மேல்வகுப்புப் பிள்ளைகள் நடைவழி ஐயா சொன்ன முறையில் வாரம் ஒருமுறை நடப்பார்கள். பெரிய நீலன் கதையை முடிவைச் சொல்லாமல் கொடுத்து, காரணத்தை அவர்களையே ஊகிக்கச் சொல்லப்போகிறேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, நடக்கும்போது ஒன்றுமே தென்படாத வாரங்களில் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்களே, என்ன செய்வது? இரண்டு, கவனித்துவரும் புழுவைக் குளவி தாக்கிவிட்டால் சிலர் அழுதுவிடுவார்கள்.

#14 நடைவழி

முதல் சந்தேகத்துக்கு: ஒன்றும் தென்படாத வாரத்தில் தாளில் சுழி என்று எழுதி, தேதி, நேரம், வெயிலா மேகமா, காற்று எப்படி என்றும் குறிக்கச் சொல்லுங்கள். கண்ட வாரத்தை மட்டும் எழுதிய பதிவேட்டை வைத்து எதையும் கணக்கிட முடியாது. 1999 ஆய்வில் எல்லை நகர்ந்தது தெரிந்ததற்கே, ஒரு இனம் எங்கே இருந்தது என்பதோடு எங்கே இல்லை என்பதும் தெரிந்ததுதான் காரணம். அதைச் சொல்லிக் கொடுத்தால் சுழி எழுதும் பிள்ளைக்கும் தான் செய்வது வேலைதான் என்று தெரியும். தெரியாத இனத்தைப் பார்த்தால் ஊகித்து எழுத வேண்டாம், "மஞ்சள், சிறியது" என்று எழுதினால் போதும்.

#15 இலைமறைகாய்

இரண்டாவதற்கு நான். அழட்டும் டீச்சர், தடுக்க வேண்டாம். பிறகு அந்தப் புழுவைத் தூக்கிப் போடாமல் மூடியில் காற்றுத்துளை உள்ள ஒரு புட்டியில் வைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். சில நாளில் அதன் உடம்பிலிருந்து அரிசியைவிடச் சிறிய வெள்ளைக் கூடுகள் வரும், அதிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் பறக்கும். ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிட்டும் இரண்டு மூன்றே பூச்சியாகின்றன என்றால் மற்றவை எல்லாம் இப்படி யாருக்கோ உணவாகியிருக்கின்றன. பல ஒட்டுண்ணிக் குளவிகள் ஒன்றிரண்டு இனப் புழுக்களை மட்டுமே நம்பியவை. அந்தப் பட்டாம்பூச்சி போனால் அதுவும் போகும். "என்ன கெடும்" என்று கேட்ட மாணவியின் குழுவிடம் அந்தப் புட்டியைக் கொடுங்கள். குளவி வந்த தேதியையும் அவர்கள் வரைந்த அதே செடிப் படத்தில் எழுதட்டும்.